மக்களவை ஒத்திவைப்புத் தீர்மானம்: நம்ம ஊர் ஜவுளித் தொழிலுக்கு எவ்வளவு பயன்?

திருப்பூரிலோ பல்லடத்திலோ தொழிலுக்கு அடி விழுந்தால் சங்கங்கள் எம்.பி.யிடம் முதலில் கேட்பது, "ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டு வாங்க" என்பதுதான். அவையின் வழக்கமான அலுவலை நிறுத்திவைத்து, ஓர் அவசரப் பிரச்சினையை உடனே விவாதிக்கக் கோருவதுதான் இந்தத் தீர்மானம். மறுநாள் நோட்டீஸ் கொடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றும். பெரும்பாலும் அதோடு சரி. இந்த வழி யாருக்குப் பயன்படும், எங்கே மாட்டிக்கொள்ளும் என்று பார்த்துவிடலாம்.

வேகத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். காலை 10 மணிக்குள் நோட்டீஸ் மக்களவைச் செயலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கே பரிசீலனை. தாண்டினால் அடுத்த அமர்வுக்குத்தான். சபாநாயகர் இசைந்தால் கேள்வி நேரம் முடிந்ததும் அவையின் அனுமதி கேட்கப்படும். மாலை 4 மணிக்கோ அதற்கு முன்போ விவாதம் தொடங்கும், இரண்டரை மணி நேரமாவது நடந்த பிறகே ஓட்டெடுப்பு. காலையில் கொடுத்த காகிதத்துக்கு மாலையில் இவ்வளவு நேரம் வேறு எந்த விதியிலும் கிடைக்காது.

சிக்கலெல்லாம் நுழைவாசலில். மக்களவை நடைமுறை விதி 58-ன்படி விஷயம் ஒன்றே ஒன்றாக, அண்மையில் நடந்ததாக, மத்திய அரசின் பொறுப்பில் வருவதாக இருக்க வேண்டும். நீதிமன்ற விசாரணையில் இருக்கக் கூடாது. நம் பக்கத்துப் பிரச்சினைகளை இதில் சலித்தால் முக்கால்வாசி கழிந்துவிடும். விசைத்தறிக் கூலி உயர்வு மாநில அரசு பார்ப்பது. அதற்குச் சட்டமன்றம்தான் இடம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன சாயப்பட்டறைகள் போன்ற விவகாரம் வழக்கில் நிற்கும்வரை உள்ளே வராது.

அமெரிக்க வரி இன்னும் நல்ல பாடம். கூடுதல் வரி 50 சதவீதமானது 2025 ஆகஸ்ட் 27-ல். மழைக்காலக் கூட்டத்தொடர் முடிந்ததோ ஆகஸ்ட் 21-ல். அடுத்த கூட்டத்தொடர் டிசம்பர் 1-ல் தொடங்கும்போது மூன்று மாதம் ஓடிவிட்டது. "அண்மையில்" என்று வாதாடுவது கடினம். அதோடு, வரி போட்டது வேறு நாடு. "அமெரிக்க வரியால் திருப்பூர் பாதிப்பு" என்று எழுதினால் மத்திய அரசின் பொறுப்பு எங்கே என்று கேட்டுத் தள்ளிவிடலாம். "ஆர்டர் இழந்த பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு நிவாரணம் அறிவிக்க மத்திய அரசு தவறியது" என்று எழுதினால் பொறுப்பு யாருடையது என்பது முதல் வரியிலேயே தெரியும்.

அடுத்தது ஆள் பலம். அனுமதிக்கு யாராவது ஆட்சேபித்தால் ஆதரவாக 50 உறுப்பினர்களாவது எழுந்து நிற்க வேண்டும். தமிழ்நாட்டு எம்.பி.க்கள் மொத்தமே 39 பேர். புதுச்சேரியைச் சேர்த்தாலும் 40. கட்சி பேதமில்லாமல் எல்லோரும் எழுந்தாலும் பத்துப் பேர் குறையும். அதனால் லூதியானா, பானிபட், பிவண்டி என்று ஜவுளி நடக்கும் மற்ற ஊர்களின் எம்.பி.க்களிடம் முதல் நாளே பேசி வைப்பது அவசியம். இதைச் சங்கங்கள் கவனிப்பதே இல்லை என்பதுதான் பெரிய வருத்தம்.

இன்னொன்று, இந்தத் தீர்மானம் நிறைவேறினால் அரசுக்குக் கண்டனம் என்றே பொருள். ஆளுங்கட்சிக்காரர் உங்கள் பக்கம் அனுதாபமாக இருந்தாலும் எழுந்து நிற்க மாட்டார்.

ஆக, அமைச்சரின் பதில்தான் தேவை என்றால் விதி 197 கவன ஈர்ப்பே மேல். அமைச்சர் எழுந்து அறிக்கை தந்தாக வேண்டும், பட்டியலில் பெயர் வந்தவர்கள் விளக்கம் கேட்கலாம், ஓட்டெடுப்பு கிடையாது. ஆளுங்கட்சி உறுப்பினரும் தயங்காமல் கேட்பார். நூல் விலை மாதிரி நாள்பட்ட தொல்லைக்கு விதி 193 குறுகிய கால விவாதம் பொருந்தும். நோட்டீஸ் கொடுப்பவரோடு இன்னும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும். கேள்விக்கு வந்த பதில் மழுப்பலாக இருந்தால் விதி 55-ன் அரைமணி நேர விவாதம் இருக்கிறது. மூன்று நாள் முன்னதாக, காரணக் குறிப்போடு கொடுக்க வேண்டும்.

மாநிலங்களவை எம்.பி.யிடம் ஒத்திவைப்புத் தீர்மானம் கேட்பது வீண். அமைச்சரவை மக்களவைக்கே பொறுப்பு என்பதால் அந்த அவையில் இது கிடையாது. அங்கே விதி 267-ன் கீழ் மற்ற அலுவலை நிறுத்திவைக்கக் கோரலாம், அதுவும் அபூர்வமாகத்தான் ஏற்கப்படுகிறது.

சங்கம் எம்.பி.க்குக் கொடுக்கும் குறிப்பு ஒரே பக்கம் இருக்கட்டும். நடந்த தேதி, அரசாணை எண், எந்த அமைச்சகம் ஆகிய மூன்றும் மேலேயே வர வேண்டும். முந்தின நாள் மாலைக்குள் டெல்லிக்குப் போய்விட வேண்டும். காலை ஒன்பதரைக்கு அனுப்பினால் பத்து மணிக்குள் தட்டச்சாகி உள்ளே போகாது.