ரீமேப் செய்த டர்போ கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ஒரு பட்டறை என் தலையில் கட்டிய இரண்டு பழுதுகள்

கோவையின் புறநகரில் 'பெர்ஃபாமன்ஸ் ஸ்பெஷலிஸ்ட்' என்று பலகை மாட்டிய பட்டறை ஒன்று, என் காரில் இல்லாத இரண்டு பழுதுகளைக் கண்டுபிடித்து ரூ.1,78,000 வாங்கிக்கொண்டது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதால் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இதே கதையை வேறு ஊர்ப் பட்டறைகளும் சொல்லக்கூடும்.

வண்டி 2011 மாடல் ஸ்கோடா லாரா, 1.8 டிஎஸ்ஐ, அதாவது டர்போ பெட்ரோல் எஞ்சின். கம்பெனியிலிருந்து வரும்போது 160 பிஎஸ் (குதிரைத்திறன்). அதற்கு ரீமேப் செய்து (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி), பூஸ்ட்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டியதும் இதே பட்டறைதான். அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வண்டி நன்றாகவே ஓடியது. சில மாதம் கழித்துத்தான் தொல்லை தொடங்கியது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் குலுங்கும். செக் எஞ்சின் விளக்கு எரியும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டும். மிதித்து ஓட்டினால் நீலப்புகை. இவற்றோடு, ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) மட்டும் கேட்கும் மெல்லிய விசில் ஒன்று. வண்டியை விடும்போதே அந்த விசிலைப் பற்றிச் சொன்னேன். "டர்போ வண்டி என்றால் விசில் அடிக்கத்தானே செய்யும் சார்" என்றார்கள். அதே வாயால், டர்போ போய்விட்டது என்றும் சொன்னார்கள்.

ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு பி0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். "பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டரே சொல்கிறது, டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பையும் ஹை பிரஷர் பம்ப்பையும் மாற்ற வேண்டும்" என்று முதல் எஸ்டிமேட். புகைக்கும் ஆயில் கசிவுக்கும் டர்போ ரீகண்டிஷன் என்று இரண்டாவது எஸ்டிமேட். இரண்டு வேலையும் முடிந்ததாக பில்லும் கொடுத்தார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு அவிநாசி சாலையைத் தாண்டுவதற்குள் விளக்கு மீண்டும் எரிந்தது.

இங்கேதான் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டிஎஸ்ஐ எஞ்சினில் டேங்க் பம்ப் ஏறத்தாழ 4 முதல் 6 பார் அழுத்தத்தில் பெட்ரோலை முன்னால் அனுப்பும். கேம்ஷாஃப்ட்டால் இயங்கும் ஹை பிரஷர் பம்ப் அதை 150 பார் வரை ஏற்றி இன்ஜெக்டர்களுக்குக் கொடுக்கும். இந்த இரண்டில் ஒன்று தளர்ந்தால், பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதாவது மூன்றாவது கியரில் முழுதாக மிதிக்கும்போது ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் பொதுக்குழாயின் அழுத்தம்) இறங்கும், அதைச் சொல்லும் பி0087 என்ற குறியீடு விழும். ஐடிலிங்கில் எஞ்சின் குடிப்பது சொற்பம். நோஞ்சான் பம்ப்பும் அதைச் சமாளித்துவிடும். என் வண்டியிலோ தலைகீழ். நிற்கும்போது குலுக்கல், ஓடும்போது ஒன்றுமில்லை. இப்படி நடந்தால் பெட்ரோல் குறைகிறது என்று பொருளல்ல, கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது என்று பொருள்.

இதைவிட வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர்களே பில்லோடு பின் செய்து கொடுத்த ஸ்கேன் தாளில் இது அத்தனையும் இருந்தது. ஃப்யூயல் ட்ரிம் (காற்றுக்கு ஈடுகட்ட கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு) ஐடிலிங்கில் +22 சதவீதம், 3000 ஆர்பிஎம்மில் +3. பி0087 எங்கும் இல்லை. படிக்கத் தெரிந்தவனுக்கு இந்த இரண்டு எண் போதும். படிக்கத் தெரியவில்லையா, தெரிந்தும் மறைத்தார்களா என்று எனக்கு முதலில் சந்தேகம் இருந்தது. பின் சீட்டைத் தூக்கிப் பார்த்ததும் அந்தச் சந்தேகம் போய்விட்டது.

டேங்க் பம்ப்பைத் தொட வேண்டுமென்றால் பின் சீட்டுக்கு அடியில் உள்ள தகட்டு மூடியைக் கழற்றியாக வேண்டும். என் வண்டியில் அந்த மூடியின் மேல் தூசி படலமாகப் படிந்திருந்தது. ஸ்க்ரூ தலைகளில் பழுப்பேறிய துரு, ஸ்க்ரூடிரைவர் பட்ட ஒரு கீறல்கூட இல்லை. ஒரு மூலையில் எப்போதோ சிந்திய பொரிகடலை, தூசியோடு தூசியாக ஒட்டிக்கொண்டிருந்தது. 'புதிய பம்ப்' என்று பில்லில் விலை போட்டிருக்கிறார்கள்.

பழுதைக் கண்டுபிடித்தவர் பொள்ளாச்சியில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கப் பார்த்தார், வரவில்லை; உள்ளிருந்து பிடித்து இழுத்தது. டிப்ஸ்டிக்கை உருவினார். விசில் நின்றது. மறுபடி செருகினார், விசில் வந்தது. "பிசிவி கிழிந்திருக்கிறது தம்பி" என்றார்.

பிசிவி என்பது எஞ்சின் தலையின் மேல் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் பெட்டி. பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவை மறுபடி எஞ்சினுக்கே எரிக்கக் கொடுப்பது அதன் வேலை. உள்ளே ஒரு ரப்பர் சவ்வும், பூஸ்ட் வரும்போது மூடிக்கொள்ளும் ஒருவழி வால்வும் உண்டு. வயதான ரப்பர் சூட்டில் கிழிவது இயல்பு. சவ்வு கிழிந்தால் அதன் வழியே வெளிக்காற்று நுழையும், பி0171 வரும். அடி எஞ்சினை (கிராங்க் சுழலும் கீழ் அறையை) வெற்றிடம் அளவுக்கு மீறி உறிஞ்ச, கிராங்க்கின் பின்பக்க சீல் துடித்து விசிலடிக்கும், நாளடைவில் ஆயில் விடும். ஒருவழி வால்வும் மூடாமல் போனால், மிதிக்கும்போது பூஸ்ட் நேராக அடி எஞ்சினுக்குள் இறங்கும். டர்போவிலிருந்து ஆயில் திரும்புவது வெறும் புவியீர்ப்பால்தான், அங்கே பம்ப் எதுவும் கிடையாது. கீழே அழுத்தம் ஏறினால் ஆயில் இறங்க வழியில்லாமல், அடைத்த சாக்கடை போல டர்போவுக்குள்ளேயே தேங்கி, ஷாஃப்ட் சீலைத் தாண்டிக் கசியும். நீலப்புகை வந்தது அதனால்தான். ரீமேப் செய்து பூஸ்ட்டைக் கூட்டிய வண்டியில் இந்த வால்வின் மேல் பாரம் இன்னும் அதிகம். கூட்டிவிட்டவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

பிசிவி பெட்டி பத்தாயிரத்துக்குள் முடிந்தது. ஏற்கெனவே கெட்டுப்போன கிராங்க் சீலுக்காக கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருந்தது, அதற்குத் தனிச் செலவு. இறக்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. கசிவை மறைக்க, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இணைப்பில் வெளியிலிருந்தே சிவப்பு சிலிக்கானை விரலால் பூசியிருந்தார்கள். விரல் ரேகைகூடப் பதிந்திருந்தது.

அடுத்தது உயிர் போகிற சமாச்சாரம். பிரஷர் பார்க்கிறோம் என்று எஞ்சின் பக்கத்துப் பெட்ரோல் குழாயை அறுத்து கேஜ் மாட்டியிருக்கிறார்கள். பிறகு அந்த இடத்தில் சாதாரண ரப்பர் குழாயைச் சொருகி, திருகு கிளிப் போட்டு விட்டுவிட்டார்கள். குழாயின் மேல் ஆர்7 என்று தரக் குறியீடு அச்சு. அது தாங்குவது சுமார் 3.5 பார். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஆர்9 தரமாவது வேண்டும். பக்கத்திலேயே பழுக்கக் காயும் டர்போ. அந்தப் பெரியவர் குழாயைப் பார்த்துவிட்டு வண்டியை அன்று வெளியே எடுக்கவே விடவில்லை.

நேரில் போய்க் கேட்டேன். பழைய பம்ப்பைக் காட்டுங்கள் என்றதற்கு, காயலான் கடைக்குப் போட்டாகிவிட்டது என்றார்கள். தூசி படிந்த மூடியின் படத்தைக் காட்டியதும், "மாடிஃபை செய்த வண்டிக்கு நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை" என்றார் முதலாளி. மாடிஃபை செய்ததற்கும் அவர் பெயரில்தான் என்னிடம் பில் இருக்கிறது.

வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் இல்லை. ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். யோசனை கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. சமீபத்தில் இந்த மாதிரி இடத்தில் பம்ப் மாற்றியவர்கள் பின் சீட்டைத் தூக்கி ஒரு படம் எடுத்து வையுங்கள். அதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து, பெட்ரோல் குழாயில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.