13,400 ரூபாய் போச்சு: ‘2000 வாட்’ என்று விற்கும் ஹீட் கன் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய கதவு, ஜன்னலில் பெயின்ட் உரிக்க, சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் வாங்கியது இரண்டு கன், ஒன்று 5,900 வீதம் 11,800. கன்னின் வாயில் மாட்டும் நாசில், சுரண்டும் ஸ்கிரேப்பர் சேர்ந்த செட் 1,600. மொத்தம் 13,400 ரூபாய். ஒரு கன் எரிந்துபோய் மேசையில் கிடக்கிறது. இன்னொன்றை வேலைக்குத் தொட பயமாக இருக்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை. எல்லா ஊருக்கும் பொருள் அனுப்பும் ஒரு பெரிய ஆன்லைன் தளம், அதற்குள் ‘டூல்ஸ்’ மட்டும் விற்கிற ஒரு கடை. பெயர் போடவில்லை. இதே சரக்கை வேறு வேறு பெயரில் பத்துக் கடைகள் விற்பதால், ஒரு பெயரை மட்டும் தெரிந்துகொண்டு உங்களுக்குப் பயனில்லை.

இந்த வேலைக்கு என்ன கன் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் எங்கே ஏமாற்றினார்கள் என்பது புரியும். பழைய தேக்குக் கதவு என்றால் அடியில் பிரைமர், மேலே வருஷா வருஷம் பொங்கலுக்கு அடித்த எனாமல், ஆறேழு கோட் சாதாரணமாக இருக்கும். நாசிலை மரத்திலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி, சாய்வாகப் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும். பெயின்ட் கொப்பளித்து எழும்பும். எழும்பிய கையோடு ஸ்கிரேப்பரைப் படுக்க வைத்துத் தள்ளினால் அத்தனை கோட்டும் சேர்ந்து பட்டையாக வரும். இதற்கு அந்த நாலைந்து சென்டிமீட்டர் தள்ளியும் சூடு இறங்காத காற்று வேண்டும், அதுவும் உள்ளங்கை அகலத்துக்குப் பரவ வேண்டும். வெப்பநிலை மட்டும் போதாது, காற்றின் அளவும் வேண்டும். அதற்குத்தான் 2000 வாட்.

1000 வாட் சுருளைப் போட்டுவிட்டு காற்றையும் பாதியாகக் குறைத்தால் நாசில் வாயில் அதே 500 டிகிரி வரும். தெர்மாமீட்டரை வாயருகே காட்டி வீடியோ எடுத்தால் யாராலும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்து சென்டிமீட்டர் தாண்டினால் சூடு விழுந்துவிடும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நடுவில் கருகும், சுற்றிலும் பெயின்ட் கல்லாக நிற்கும். வேலை செய்கிறவர் இன்னும் நெருக்கிப் பிடிப்பார். காற்று முட்டித் திரும்பும். சூடேற்றும் சுருளான எலிமென்ட் செக்கச் செவேலென்று ஆகி அறுந்துபோகும். மலிவு கன்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

இது தெரிந்ததால்தான் வாங்கும் முன்பே விற்றவரிடம் கேள்வி கேட்டோம். எத்தனை ஆம்பியர் இழுக்கும், எலிமென்ட் சுருளைத் தாங்குவது செராமிக்கா மைக்கா தகடா, வெப்பநிலை சென்சார் நாசில் பக்கம் இருக்கிறதா என்று மூன்றே கேள்வி. பதில் இப்படி வந்தது: “அண்ணா, நீங்க கேக்குறதப் பாத்தாலே வேலை தெரிஞ்சவங்கன்னு புரியுது. உங்களுக்கு டூப்ளிகேட் குடுக்க முடியுமா? செராமிக் கோர், சென்சார் இருக்கு, ஒரு வருஷம் ரீப்ளேஸ்மென்ட், நான் பொறுப்பு.” கூடவே இரண்டு படங்கள். ஒன்றில் கன்னைத் திறந்து, துளை துளையாக இருக்கும் வெள்ளை செராமிக் உருளையைக் காட்டியிருந்தார். இன்னொன்றில் ஒயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர், திரையில் 8.6 ஆம்பியர். 230 வோல்ட்டில் 2000 வாட்டுக்கு 8.7 வர வேண்டும், ஆகவே கணக்கு கச்சிதம். விற்கிறவர் கிளாம்ப் மீட்டர் படம் அனுப்புகிறார் என்றால் விஷயம் தெரிந்த ஆள் என்று யாரும் நம்பத்தான் செய்வார்கள். அந்த ஒரு படத்தை நம்பித்தான் 13,400 ரூபாய் போனது.

வந்த பெட்டியில் இருந்தது வேறு. ஒயரில் 6 ஆம்பியர் பிளக். 8.7 ஆம்பியர் இழுக்க வேண்டிய பொருளுக்கு 16 ஆம்பியர் பிளக் வர வேண்டும். ஒயரின் மேல் 1.0 சதுர மில்லிமீட்டர் என்று அச்சடித்திருந்தது, கையில் எடுத்தால் எடையே இல்லை. பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் இல்லை, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும் இல்லை. இரண்டும் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

அளந்து பார்த்தோம். ஃபேஸ் ஒயரை மட்டும் தனியாகப் பிரித்து கிளாம்ப் போட வேண்டும், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் சைபர்தான் காட்டும். ஃபுல் ஹீட்டில் 4.7 ஆம்பியர், லைனில் 228 வோல்ட். பெருக்கினால் சுமார் 1,070 வாட். இரண்டாவது கன்னும் அதே கதை. வெப்பநிலை அளக்கும் கே-டைப் தெர்மோகப்பிள் கம்பியை நாசிலிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் வைத்தோம். டிஸ்ப்ளேயில் 350 வைத்தால் 480 வருகிறது. 550 வைத்தால் 500-ஐத் தாண்டவில்லை. ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் எந்த செட்டிங்கிலும் 200-க்குக் கீழே. எனாமல் கொப்பளிக்க மேற்பரப்பு 200-க்கு மேல் போயாக வேண்டும், இதை வைத்து எதை உரிப்பது?

அன்றே தளத்தில் புகார் போட்டோம். 7 நாளுக்குள் ரீப்ளேஸ்மென்ட் உண்டு என்று போட்டிருந்தது. ஆள் அனுப்பினார்கள். வந்தவர் பிளக்கைச் சொருகி, காற்றில் கையைக் காட்டிவிட்டு, “சூடு வருதே சார், வொர்க்கிங் கண்டிஷன்தான்” என்றார். மீட்டர் அளவைக் காட்டினால், “அதெல்லாம் என் ஆப்ல போட இடமே இல்ல சார்” என்றார். புகார் முடித்துவைக்கப்பட்டது. விற்றவரைக் கேட்டால், “அண்ணா, உங்க ஊர்ல வோல்ட்டேஜ் கம்மி.” 2000 வாட் கன் 1,070 வாட்டுக்கு இறங்க வேண்டுமானால் லைன் வோல்ட்டேஜ் 170-க்கு விழ வேண்டும். அந்த வோல்ட்டேஜில் வீட்டில் ஃபிரிட்ஜே திணறும். எங்கள் மீட்டரில் 228 என்று படம் எடுத்து அனுப்பியதும் பேச்சு மாறியது: “புது காயில் அண்ணா, கொஞ்ச நாள் ஓட்டுங்க, செட் ஆனதும் ஆம்பியர் ஏறும்.”

இந்தப் பேச்சை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எலிமென்ட் சுருளில் இருக்கும் நிக்ரோம் கம்பி சூடேறினால் அதன் மின்தடை சில சதவீதம் கூடத்தான் செய்யும், ஆம்பியர் இறங்கும். ஓட்ட ஓட்ட ஆம்பியர் ஏறுகிற நிக்ரோம் எலிமென்ட் உலகத்திலேயே இல்லை. அவருக்கு வேண்டியது அந்த 7 நாள் கழிய வேண்டும் என்பது மட்டும்தான். கழிந்தது.

அதற்குப் பிறகு ஒரு கன்னின் ஃபேன் வேலையின் நடுவே இழுக்க ஆரம்பித்தது. சத்தம் தணிந்து கொண்டே வந்தது, நாசில் வாய் சிவந்தது, எலிமென்ட் மட்டும் அணையவே இல்லை. உடனே பிளக்கைப் பிடுங்கியும் தேக்குப் பலகையில் விரல் நீளத்துக்குக் கரி விழுந்துவிட்டது. சமதளமாக இருந்தால் இழைத்துச் சரி செய்யலாம். இது கொடிவேலை ஓடும் விளிம்பு. இழைத்தால் வேலைப்பாடு போய்விடும்.

எரிந்த கன்னைத் திறந்தால் செராமிக்கே இல்லை. சிலுவையாகச் செருகிய இரண்டு மைக்கா தகடு, அதில் மெல்லிய சுருள், ஒரு பக்கம் தொய்ந்து தகட்டையே பொசுக்கியிருந்தது. ஃபேன் மோட்டார் குறைந்த வோல்ட்டேஜ் டிசி மோட்டார். இந்த வகையில் எலிமென்ட் சுருளின் நடுவிலிருந்து ஒரு இணைப்பு எடுத்து, ஏசியை டிசியாக மாற்றும் நாலு டயோடு வழியாக மோட்டாருக்குக் கரன்ட் தருவார்கள். அந்த முறையைத் தப்பு சொல்ல மாட்டேன், நல்ல கம்பெனி கன்களிலும் உண்டு. ஆனால் டயோடு ஒன்று போனாலோ மோட்டார் பிரஷ் தேய்ந்தாலோ காற்று குறையும், சூடு குறையாது. அதற்காகவே எலிமென்ட் பக்கத்தில் ஒரு தெர்மல் கட்-ஆஃப் வைப்பார்கள், அளவு மீறினால் அது கரன்ட்டை வெட்டிவிடும். இதில் அதற்கு உண்டான இடம் மைக்காவில் வெட்டியிருக்கிறது, பாகத்தைக் காணோம், இரண்டு முனையையும் நேராக இணைத்து முறுக்கியிருக்கிறார்கள். டிஸ்ப்ளே போர்டிலிருந்து நாசில் பக்கம் ஒரு ஒயர்கூடப் போகவில்லை. சென்சாரே இல்லை. நாம் அழுத்துகிற எண்ணைத் திரும்ப நமக்கே காட்டுகிறது, அவ்வளவுதான். ஒயரைச் சீவி ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். 13,400 ரூபாய்க்கு இது.

வெறும் பண விஷயமாக இருந்தால்கூட இவ்வளவு கோபம் வராது. பழைய எனாமலிலும் செந்தூர நிறப் பிரைமரிலும் ஈயம் இருக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன்னால் அடித்த எந்தக் கதவையும் ஈயம் உள்ளதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சூடு மிஞ்சினால் ஈயம் புகையாகக் கிளம்பும். அமெரிக்காவில் பழைய வீடுகளின் ஈயப் பெயின்ட் வேலையில் 1100 ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது 593 செல்சியஸுக்கு மேல், ஹீட் கன் வைக்கவே தடை. ஃபேன் செத்து எலிமென்ட் சிவந்து நிற்கும்போது அந்த அளவெல்லாம் எங்கேயோ போய்விடும். சென்சார் இல்லாத, கட்-ஆஃப் இல்லாத கன்னை ஒருவர் கையில் கொடுத்து, நாள் முழுக்க முகத்தருகே வைத்து வேலை வாங்குவது எவ்வளவு பெரிய கொடுமை என்று விற்கிறவனுக்குத் தெரியாதா?

இனி பதில்கள். தளத்தின் சாட்டில்: “ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, பிராண்டின் சர்வீஸ் சென்டரைத் தொடர்பு கொள்ளவும்.” பெட்டியில் இருந்த சர்வீஸ் நம்பரில், பெட்டி பிரித்தபோது எடுத்த வீடியோ கேட்டார்கள். அது இருந்தது, அனுப்பினோம். அடுத்து, “எலிமென்ட் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது.” ஃபேன்தானே முதலில் நின்றது என்றால், “காற்று போகும் ஓட்டையை அடைத்திருப்பீர்கள்.” பின்பக்கச் சல்லடை சுத்தமாக இருக்கும் படம் அனுப்பினோம். “தொழிலுக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் வாரண்டி.” விற்பனைப் பக்கத்தில் ‘ஹெவி டியூட்டி, புரொபஷனல்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது! கடைசியாக விற்றவர்: “நீங்க தொறந்துட்டீங்க அண்ணா, இனி ஒண்ணும் பண்ண முடியாது.” கன்னைத் திறந்ததே வாரண்டி கிடையாது என்று அவர்கள் எழுதிக் கொடுத்த பிறகுதான். அந்த 8.6 ஆம்பியர் படம் எந்தக் கன்னில் எடுத்தது என்று கேட்டோம். படம் சாட்டிலிருந்து அழிக்கப்பட்டது. நம்பரும் பிளாக். நல்லவேளை ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியதையெல்லாம் விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். 2000 வாட் என்று போட்டு 6 ஆம்பியர் பிளக் இருந்தால் பெட்டியை மூடிவிடுங்கள். முடிந்தவரை கடையில் நேரில் வாங்குங்கள், அங்கேயே கிளாம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்ப்ளே இல்லாத, சுவிட்ச்சில் நேராக ஓடும் கன் என்றால் கிளாம்ப் மீட்டர்கூட வேண்டாம், சாதாரண மல்டிமீட்டரில் பிளக் பின்னில் ஓம் பார்த்தாலே போதும்: ஃபுல் ஹீட்டில் 2000 வாட்டுக்கு 26, 1500-க்கு 35 ஒட்டி வரும். 50 காட்டினால் அது 1000 வாட் கன். டிஸ்ப்ளே வைத்ததில் இந்தச் சோதனை சரிவராது, நடுவில் எலக்ட்ரானிக்ஸ் இருக்கும்.

வாங்கியதும் முதல் நாளே கனெக்‌ஷன் ஒயர்களில் ஃபேஸை மட்டும் தனியாகப் பிரித்த எக்ஸ்டென்ஷனில் ஆம்பியர் பார்த்து, வீடியோவாக எடுத்து வையுங்கள். விற்றவர் அனுப்பும் எந்தப் படத்தையும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ‘கொஞ்ச நாள் ஓட்டுங்க’ என்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே இந்த மாதிரி கன் வீட்டில் இருந்தால், ஃபேன் சத்தம் மாறிய நொடியில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஜன்னல் கண்ணாடி ஓரத்தில் வைக்காதீர்கள், வெடிக்கும். துணி மாஸ்க் ஈயத்துக்கு உதவாது, நுண்துகளைத் தடுக்கும் பி100 ஃபில்டர் உள்ள மாஸ்க் வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தாயிற்று. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதியாயிற்று, 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதற்குப் பதில், ஒரு மாதத்தில் தீர்வு என்பது 2020 மின்வணிக விதி. வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, நம் ஊரிலேயே போடலாம். 13,400 ரூபாயையும் கரி விழுந்த கதவுக்கான செலவையும் சேர்த்தே கேட்கப் போகிறோம். இதே மாதிரி 4.7 ஆம்பியர் கன் யாரிடமாவது இருந்தால் அளந்த வீடியோவோடு சொல்லுங்கள், சேர்த்துப் போடலாம்.