ஏழாக இருந்த ஜோர்டானை உடைக்கக் கொடுத்து 2,040 டாலரைத் தொலைத்த கதை

நேற்று சாயங்காலம் பெட்டி வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். தணிந்துவிட்டால் வழக்கம்போல "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். மொத்தம் 2,040 டாலர் போய்விட்டது. கடையின் பெயரைப் போடப் போவதில்லை, வக்கீல் நண்பர் வேண்டாம் என்கிறார். சிகாகோ புறநகரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்டு கடை (விளையாட்டு வீரர் படம் அச்சிட்ட, சேகரிக்கிற அட்டைகள் விற்கும் கடை), பல பேருடைய கார்டுகளைச் சேர்த்து மொத்தமாக கிரேடிங்குக்கு, அதாவது தரத்துக்கு மதிப்பெண் வாங்க, அனுப்பிக் கொடுக்கும் ரகம். இவ்வளவுதான் சொல்ல முடியும். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும்.

கார்டு எது என்றால், கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானுடையது, ஃப்ளீர் என்ற கம்பெனி 1986-ல் போட்டது. 132 கார்டுகள் உள்ள அந்த செட்டில் 57-ஆம் எண். சுற்றிலும் சிவப்பு, வெள்ளை, நீலக் கட்டம், நடுவில் பந்தைத் தூக்கிப் பிடித்துக் காலை விரித்துக்கொண்டு பறக்கும் ஜோர்டான். அவர் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வுக்கு வந்தது 1984-ல் என்றாலும், எல்லாரும் ரூக்கி கார்டு (அறிமுகக் கார்டு) என்று தேடுவது இதைத்தான். பத்து கிரேடு வாங்கிய பிரதி ஒன்று 2021 தொடக்கத்தில் 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. நம்முடையது அந்த ஜாதி இல்லை. ஏழு. சுத்தமான, கௌரவமான ஏழு.

பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரேடிங் கம்பெனி கார்டின் மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்று பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும். அந்த எண்ணை லேபிளில் அச்சடித்து, கார்டையும் சேர்த்துக் கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் வைத்து சீல் செய்துவிடும். ஸ்லாப் என்பது அதுதான். பார்ப்பது மனிதக் கண், அதனால் இன்று ஏழு வாங்கிய கார்டு இன்னொரு நாள் எட்டு வாங்கலாம். ஒரே ஒரு படிதான், ஆனால் விலை தாவுகிற தாவல் இருக்கிறதே, அங்கேதான் ஆள் விழுகிறான். நானும் விழுந்தேன்.

என் கார்டின் நாலு மூலையும் அருமையாக இருந்தன. படம் கொஞ்சம் ஒரு பக்கம் தள்ளியிருந்தது. இரண்டு பக்க ஓரத்தையும் அளந்து பார்த்தேன், ஒன்று 65 என்றால் மற்றது 35 என்கிற விகிதம் வந்தது. எட்டுக்கு அந்த அளவு வரை விடுவார்கள். அப்படியானால் ஏழு போட்டவர் அன்றைக்கு ஏதோ கடுப்பில் இருந்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "ஏழா இருந்தா என்ன, எட்டா இருந்தா என்ன, ஜோர்டான் ஜோர்டான்தானே?" என்று கேட்டாள் மனைவி. அப்போது சிரித்தேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். கிரேடிங் கவுன்டரில் நம்ம ஊர்ப் பையன். முப்பது வயதுக்குள் இருப்பான். நான் மனைவியிடம் போனில் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு, "அண்ணா தமிழா?" என்றான். அவ்வளவுதான், என் எச்சரிக்கை உணர்ச்சி அங்கேயே செத்தது. ஸ்லாபை வாங்கி விளக்கடியில் வைத்தான். லூப் என்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்தான். அவசரமே படவில்லை. ஒவ்வொரு மூலைக்கும் "ம்ம்" என்றான். கடைசியில் நிமிர்ந்து, "அண்ணா, இது எட்டு. கண்ணை மூடிக்கிட்டு எழுதித் தரேன். ஆறாயிரத்துக்கு மேல போகும்," என்றான்.

உறையோடேயே மறுபரிசீலனைக்கு அனுப்பலாமே என்று கேட்டேன். கேட்கவே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. "அப்படி அனுப்பினா அவங்க போட்ட நம்பரை அவங்களே மாத்துவாங்களா? உடைச்சு, வெறும் கார்டா அனுப்பணும். புதுக் கண்ணு பார்க்கணும்," என்றான். இந்தப் பொழுதுபோக்கில் பாதிப் பேர் நம்புகிற விஷயம்தான் அது. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. உறைக்குள் இருந்தால் பழைய எண் ஒரு பாதுகாப்பு, உடைத்த நிமிடமே அது வெறும் அட்டை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன்.

படிவத்தில் கார்டின் மதிப்பு 1,400 டாலர் என்று அவனே எழுதினான். "அதிகமா போட்டா கட்டணம் ஏறிடும்ண்ணா, சும்மா ஃபார்மாலிட்டி." கையெழுத்துப் போட்டேன். உடைக்க, துடைக்க, அனுப்ப, தபாலுக்கு என்று எல்லாம் சேர்த்து 240 டாலர் கட்டினேன். என் கண் முன்னாலேயே உடைக்கிறீர்களா என்றதற்கு, "கட்டர் பின்னாடி ரூம்ல இருக்கு, நிதானமா பண்ணணும், நீங்க டென்ஷன் ஆவீங்க," என்று சிரித்தான். ஸ்லாபை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் காபிகூட வாங்கிக் குடித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

மூன்று மாதம் சத்தமே இல்லை. நடுவில் இரண்டு முறை கேட்டதற்கு "க்யூல இருக்குண்ணா" என்று பதில் வந்தது. அதுகூடப் பரவாயில்லை, கிரேடிங் கம்பெனிகளின் தாமதம் ஊரறிந்த விஷயம். 2021-ல் கார்டுகள் மலைபோலக் குவிந்து பி.எஸ்.ஏ. என்ற பெரிய கிரேடிங் கம்பெனியே பல சேவைகளைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது.

நேற்று பெட்டியைப் பிரித்தேன். லேபிளில் ஐந்து.

முதலில் வேறு யாருடைய கார்டோ மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் கீழே இடது மூலையைப் பார்த்தேன். மூலை மடங்கி நிமிர்ந்திருக்கிறது. சிவப்பு மை உரிந்து, அடியில் அட்டையின் வெள்ளை நார் தெரிகிறது. அரிசி நுனி அளவுதான். ஆனால் திருப்பினால் அந்த இடத்திலிருந்து மேல்நோக்கி மயிரிழை போல ஒரு மடிப்புக் கோடும் ஓடுகிறது. பிப்ரவரியில் கொடுப்பதற்கு முந்தின இரவு நாலு மூலையையும் பெரிதாக்கிப் படம் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் படத்தில் அந்த மூலை கத்தி மாதிரி இருக்கிறது. உறையை நெம்பும்போது இடுக்கிலே மூலை மாட்டியிருக்கிறது, வேறு எப்படி வரும்?

உடனே போன் போட்டேன். "அண்ணா, கிரேடர் மூட் அப்படி, நாம என்ன பண்றது?" மூலையைச் சொன்னேன். "அது முன்னாடியே இருந்திருக்கும், ஸ்லாப்ல தெரிஞ்சிருக்காது." படம் அனுப்பினேன். கால் மணி நேரம் கழித்து, "இது பிளாஸ்டிக் வழியா எடுத்தது சார், ரிஃப்ளெக்‌ஷன், ஆதாரமா எடுத்துக்க முடியாது." அண்ணா சார் ஆனதைக் கவனித்தீர்களா? சரி, பழைய லேபிளையாவது கொடு, அதில் ஏழு என்று இருக்கிறதே என்றேன். உடைத்த அன்றே குப்பையில் போட்டாகிவிட்டதாம். அந்த லேபிளைத் திருப்பி அனுப்பினால்தான் கம்பெனி தன் எண்ணிக்கைப் பட்டியலிலிருந்து பழைய ஏழைக் கழிக்கும். இப்போது அந்தப் பட்டியலில் என் ஒரே கார்டு ஏழிலும் நிற்கும், ஐந்திலும் நிற்கும். என் கையில் இருப்பது ஐந்து மட்டும்.

முதலாளியிடம் பேச வேண்டும் என்றேன். அவர் ஊரில் இல்லை. மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். இன்று காலை ஆங்கிலத்தில் மூன்று வரிப் பதில், "அன்புள்ள வாடிக்கையாளருக்கு" என்ற தோரணையில். கிரேடு என்பது ஒரு கருத்து மட்டுமே, உறையை உடைப்பதன் ஆபத்து வாடிக்கையாளரையே சேரும் என்று படிவத்தில் இருக்கிறது, நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அப்படியே நஷ்டஈடு என்று வந்தாலும் படிவத்தில் கண்ட 1,400 டாலர் மதிப்பைத் தாண்டிப் பேச முடியாதாம், கார்டு இப்போதும் அதற்கு மேல் விலை போவதால் நஷ்டமே இல்லையாம்! அந்த 1,400-ஐ எழுதியது யார் கை?

கணக்கு இதுதான். ஏழாக இருந்தபோது தெரிந்த ஒருவர் 4,200 டாலர் தரத் தயாராக இருந்தார், நான்தான் எட்டு வரட்டும் என்று அவரைக் காக்க வைத்தேன். நேற்று ராத்திரி அதே மனிதர் ஐந்தைப் பார்த்துவிட்டு 2,400 என்றார். 1,800 அங்கே போச்சு. கட்டிய 240-ஐச் சேர்த்தால் 2,040. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதற்குக் கூலி 240 டாலர்!

என்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படம் தள்ளியிருப்பது எத்தனை முறை அனுப்பினாலும் நகராது, அதனால் முதலில் அளவுகோலை எடுங்கள். ஒரு படி இறங்கினால் எவ்வளவு போகும் என்று எழுதிப் பாருங்கள், ஏறினால் வருவதை மட்டும் எல்லாரும் எழுதிவிடுகிறோம். உறையோடு அனுப்பும் வழி இருக்கும்போது உடைக்காதீர்கள். இன்னொரு கம்பெனிக்கு மாற்றுவதானால் குறைந்தபட்சம் இந்த கிரேடு வந்தால் மட்டும் உடை என்று எழுதிக் கொடுக்கலாம், வராவிட்டால் பழைய உறையிலேயே திரும்பி வரும். உடைத்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் கண் முன்னால், வீடியோ எடுத்துக்கொண்டு. லேபிள் உங்கள் பையில். மதிப்பை உண்மையாக எழுதுங்கள். ஓரத்தைக் கொஞ்சம் சரிபண்ணித் தருகிறோம் என்று எவனாவது சொன்னால் கார்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுங்கள், பி.எஸ்.ஏ. 1991-ல் முதன்முதலாக கிரேடு செய்த, பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டே ஓரம் வெட்டப்பட்டது என்பதை, வெட்டியவர் 2013-ல் கோர்ட்டில் ஒத்துக்கொண்டார்.

இன்னும் இரண்டு மூன்று இருந்தது, மறந்துவிட்டது. முதலாளி செவ்வாய்க்கிழமை வருகிறாராம். பிப்ரவரியில் எடுத்த படத்தையும் நேற்று எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிய தாளில் பிரின்ட் போட்டிருக்கிறேன். கடை பத்து மணிக்குத் திறக்கும். ஒன்பதே முக்காலுக்கு அங்கே நிற்பேன்.