3844 என்று அச்சடித்த போலி ஐசிகள்: எங்கள் 1,480 ரிங்கிட் போய்விட்டது, நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்

பவர் சப்ளை பழுதுபார்க்கும் எல்லோரும் இதைப் படியுங்கள். இணையச் சந்தைத் தளம் ஒன்றில் மின்னணு உதிரிபாகம் விற்கும் கடையிடம் 1,480 ரிங்கிட் கொடுத்து, பவர் சப்ளையைக் கட்டுப்படுத்தும் யூசி3844 ஐசிகளும், அது சொல்கிறபடி மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டுகளும் வாங்கினோம். வந்தவை போலி. ஐசியின் முதுகில் 3844 என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது வேறு சரக்கு. அதை நம்பி நான் சரிசெய்து கொடுத்த பவர் சப்ளைகள் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வெடித்துவிட்டன. பணம் திரும்பக் கிடைக்காது என்று இன்று காலைதான் கடைசியாகக் கையை விரித்தார்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட்டில் சிறிய பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்து எல்லாமே வரும்: வெல்டிங் இயந்திரம், பேட்டரி சார்ஜர், தானியங்கிக் கதவின் மோட்டார் பெட்டி, திருவிழாக் காலத்தில் கோயில் ஒலிபெருக்கி. இடி மின்னல் மிகுந்த நாடு இது. ஒரு பெரிய மழை அடித்துவிட்டால் மறுநாள் கடை வாசலில் செத்த பவர் சப்ளைகள் வரிசையாக நிற்கும். அவற்றில் பாதியைத் திறந்தால் இந்த எட்டுக்கால் ஐசிக் குடும்பம்தான் கண்ணில் படும். 3842, 3843, 3844, 3845.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. யூனிட்ரோடு நிறுவனம் கொண்டுவந்த ஐசி இது. 1999-இல் அந்த நிறுவனத்தை டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிக்கொண்டது. இன்று வேறு பல நிறுவனங்களும் செய்கின்றன. மின்னோட்டத்தைப் பார்த்துக் கட்டுப்படுத்தும் வகை. மாஸ்ஃபெட் வழியாகப் போகும் மின்னோட்டத்தை ஒரு சிறு ரெசிஸ்டரில் அளந்து மூன்றாவது காலுக்குக் கொடுப்பார்கள். மாஸ்ஃபெட் ஒருமுறை திறந்து மூடுவது ஒரு சுற்று. அங்கே 1 வோல்ட் வந்துவிட்டால், வேறு எதையும் கேட்காமல் அந்தச் சுற்றுக்கு மாஸ்ஃபெட்டை ஐசி அங்கேயே மூடிவிடும். நான்கும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கால்களின் வரிசையும் ஒன்றே. வேறுபாடு இரண்டே இடத்தில். 3842-உம் 3844-உம் 16 வோல்ட்டில் விழித்து வேலை தொடங்கும், 10 வோல்ட்டுக்கு இறங்கினால் தூங்கிவிடும். 3843-உம் 3845-உம் 8.4 வோல்ட்டில் விழித்து 7.6 வோல்ட்டில் தூங்கும். அடுத்தது, 3842-உம் 3843-உம் மாஸ்ஃபெட்டைச் சுற்றின் கிட்டத்தட்ட முழு நேரமும் திறந்து வைத்திருக்கக்கூடியவை; 3844-உம் 3845-உம் பாதி நேரத்தைத் தாண்டவே விடாது. இந்தப் பாதி நேரத்தில்தான் எங்கள் பணமும் என் பெயரும் போயிற்று.

இந்த முறை மொத்தமாக வாங்கக் காரணம் இருந்தது. எண்ணெய் ஆலையில் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கான 24 வோல்ட் பவர் சப்ளைகள் ஒரு தொகுதி பழுதுக்கு வந்திருந்தன. கோலகங்சாரிலும் தஞ்சோங் ரம்புத்தானிலும் இதே தொழில் செய்யும் இரண்டு நண்பர்களுக்கும் அதே ஐசி தேவைப்பட்டது. ஈப்போவில் நான் பழகிய உதிரிபாகக் கடையை மூடிவிட்டார்கள். கோலாலம்பூர் ஜாலான் பசாருக்குப் போனால் கிடைக்கும். ஒரு நாள் வேலை கெடும். மூவரும் பணத்தைச் சேர்த்தோம். 200 ஐசிகளுக்கு 600 ரிங்கிட், 100 மாஸ்ஃபெட்டுகளுக்கு 880 ரிங்கிட். ஆக 1,480 ரிங்கிட். எங்களைப் போன்ற கடைக்காரனுக்கு அது கடை வாடகைக் காசு.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. முதலில் மாதிரிக்கு ஐந்து ஐசிகள் வரவழைத்தேன். ஐந்தும் தங்கம். மேசையில் வைத்துச் சோதித்தேன். 16 வோல்ட்டில் விழித்தன, 10 வோல்ட்டில் தூங்கின, பாதி நேரத்துக்கு மேல் போகவில்லை. பிறகுதான் விற்பவனுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்பினேன். அவனே அழைத்துப் பேசினான். தமிழ்ப் பையன். பேச்சில் அத்தனை பணிவு. "அண்ணே, எங்கள் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்தான். தோட்டத்துக்காரர்களை ஏமாற்றி நான் நன்றாக இருக்க முடியுமா? மாதிரி வந்த அதே பெட்டியிலிருந்துதான் உங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்" என்றான். அந்தச் சொல்லைத்தான் நம்பினேன். என் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்தான். அந்த உழைப்பின் பெயரைச் சொல்லி ஒருவன் பொய் சொல்வான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

மாதிரியில் அசலைக் கொடுத்துவிட்டு மொத்தச் சரக்கில் போலியைத் தள்ளுவது தெரிந்தே செய்த வேலை. தெரியாமல் நடந்தது என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

சரக்கு வந்தது. பிளாஸ்டிக் குழாய்களில் அடுக்கி, வெளியே ஒட்டுத்தாள் எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆலையின் பவர் சப்ளைகளில் ஐசியையும் மாஸ்ஃபெட்டையும் மாற்றி, பல்பைச் சுமையாகக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். 24 வோல்ட் அசையாமல் நின்றது. ஆலையில் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். பழக்குலைகளை ஆவியில் அவிக்கும் பகுதியின் பலகையில் முதலாவது வெடித்தது. அடுத்து இன்னொன்று. மாஸ்ஃபெட் இரண்டாகப் பிளந்து, ஃபியூஸ் கருகி, மின்னோட்டம் அளக்கும் ரெசிஸ்டர் இருந்த இடத்தில் கரி மட்டுமே மிச்சம். வேலை நடக்கும் நேரத்தில் பலகை அணைந்துபோனது. ஆலையின் மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேன் பல ஆண்டுகளாக எனக்கு வேலை அனுப்புகிறவர், கோபப்பட்டுப் பேசத் தெரியாத மனிதர். அன்று, "தம்பி, மேலே இருப்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

என் மேசையில் நன்றாக ஓடியது ஆலையில் ஏன் வெடிக்க வேண்டும்? இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ஐசியைத் தனியாக எடுத்து, அதற்கு மின்சாரம் போகும் ஏழாவது காலுக்கு மின்னழுத்தத்தைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றினேன். ஐசி விழித்ததும் 5 வோல்ட் தரும் எட்டாவது காலில் மல்டிமீட்டர். அசல் 3844 என்றால் 16 வோல்ட் வரும்வரை அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது. இது 8.4 வோல்ட்டிலேயே 5 வோல்ட்டைத் தூக்கிக் கொடுத்தது. வேறு ஒன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே. மாஸ்ஃபெட்டைத் திறக்கும் துடிப்பு வெளியே வருவது ஆறாவது காலில். அங்கே, துடிப்பைப் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்தேன். பாதி நேரத்தில் நிற்க வேண்டிய துடிப்பு கிட்டத்தட்ட முழுச் சுற்றையும் நிரப்பிக்கொண்டு நின்றது. அதிர்வெண்ணும் இரண்டு மடங்கு. 3844 உள்ளே தாளம் போடும் ஆசிலேட்டரின் அதிர்வெண்ணைப் பாதியாக்கித்தான் வெளியே விடும், இது அப்படியே விட்டது. உள்ளே இருப்பது 3843. சில ஐசிகள் எந்த மின்னழுத்தத்திலும் விழிக்கவே இல்லை.

அந்தப் பவர் சப்ளைகள் ஃபார்வர்டு வகை, அதாவது மாஸ்ஃபெட் திறந்திருக்கும்போதே டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மின்சாரத்தை மறுபக்கம் தள்ளுபவை. டிரான்ஸ்ஃபார்மரில் ஒவ்வொரு சுற்றும் ஏறும் காந்தப்புலம் மிச்சப் பாதி நேரத்தில் இறங்கித் தீர வேண்டும். மேசையில் சுமை குறைவு, துடிப்பு குறுகல், ஒன்றும் தெரியவில்லை. ஆலையில் பெரிய மோட்டார் ஒன்று கிளம்பினால் மின்னழுத்தம் சட்டென்று தாழும். 24 வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்க ஐசி துடிப்பை நீட்டும். அசல் பாதியில் நின்றிருக்கும். போலி நிற்கவில்லை. காந்தப்புலம் இறங்க நேரமில்லாமல் சுற்றுக்குச் சுற்று ஏறி, டிரான்ஸ்ஃபார்மரின் ஃபெரைட் கருவுக்கு இனிமேல் தாங்காது என்ற நிலை வந்ததும் மின்னோட்டம் சுவரேறிப் பாய்கிறது. மூன்றாவது காலின் 1 வோல்ட் காவல் செயல்படுவதற்குள் மாஸ்ஃபெட் முடிந்துவிடுகிறது. பக்கத்தில் ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 230 வோல்ட்டை நேராக்கினால் 325 வோல்ட் நேர்மின்சாரம். இதை யாராவது நினைத்துப் பார்த்தார்களா?

பிறகு அசிட்டோனில் பஞ்சை நனைத்து ஐசியின் முதுகைத் தேய்த்தேன். பஞ்சில் கறுப்பு மை இறங்கியது. 3844 என்ற எழுத்து கலைந்தது. அதற்கு அடியில் சாய்வாக உரசிய கீறல்களும், இன்னொரு எழுத்தின் மங்கல் தடமும். முதல் காலைக் காட்டும் சிறு குழி இருக்கிறதே, அசலில் அதன் அடிப்பகுதி வழவழப்பாகப் பளபளக்கும்; இதில் பெயிண்ட் நிரம்பி மேடு தட்டிக் கிடந்தது. கால்களில் புது ஈயம் பூசியிருந்தார்கள். பழைய போர்டுகளிலிருந்து பிடுங்கி, உரசி, கறுப்படித்து, பெயர் மாற்றிய சரக்கு. வெடித்த மாஸ்ஃபெட் ஒன்றின் உள்ளே இருந்த சிலிக்கான் துண்டு, அந்த எண்ணில் வரும் அசலில் இருப்பதில் பாதிகூட இல்லை. 1,480 ரிங்கிட்டுக்கு வந்த சரக்கில் நம்பிக் கையில் எடுக்க ஒன்றுமில்லை.

இனி விற்றவன் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதலில் "அண்ணே, உங்கள் சர்க்கியூட்டில் கோளாறு இருக்கும், பாருங்கள்." ஆசிலோஸ்கோப் படத்தை அனுப்பினேன். "கையில் இருக்கும் நிலைமின்சாரம் பட்டால் ஐசி கெட்டுவிடும் அண்ணே." நிலைமின்சாரம் பட்டால் 3844 எப்படி 3843 ஆகும்? கேட்டேன். இரண்டு நாள் மௌனம். பிறகு "ஈயம் வைத்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்." சரி, ஈயமே படாமல் குழாயில் கிடப்பவற்றை எடுத்துக்கொள் என்றேன். "குழாயைத் திறந்துவிட்டீர்களே." குழாயைத் திறக்காமல் போலி என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அதன் பிறகு "அண்ணே" போய் "சார்" ஆனது. அழைத்தால் எடுப்பதில்லை. கடைசியில் என் எண்ணையே தடுத்துவிட்டான்.

தளத்தாரிடம் போனேன். பொருள் கிடைத்தது என்று நீங்கள் உறுதி செய்துவிட்டீர்கள், திரும்பக் கேட்கும் காலக்கெடு முடிந்துவிட்டது என்று ஒரே பதிலை மாற்றி மாற்றி ஒட்டினார்கள். பெட்டி வந்ததை உறுதி செய்தேனே தவிர, உள்ளே இருக்கும் சிலிக்கானை அல்ல என்று எழுதினேன். அதைப் படிக்க அங்கே ஆள் இருந்ததாகவே தெரியவில்லை. முடிவில், அடுத்த முறை பொருள் வாங்கும்போது கழித்துக்கொள்ள 10 ரிங்கிட் தள்ளுபடிச் சீட்டு தந்தார்கள். போனது 1,480 ரிங்கிட், கையில் 10 ரிங்கிட் தள்ளுபடிச் சீட்டு, அதையும் அங்கேயே செலவழிக்க வேண்டும்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று நண்பர் சொன்னார். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தால், தொழிலுக்காகப் பிறர் பொருளைப் பழுதுபார்க்க வாங்குகிறவன் அந்தச் சட்டப்படி பயனீட்டாளரே இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு அடைப்பு. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட் வரை சிறு கோரிக்கை வழக்குப் போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் யார் மீது போடுவது? அவன் உண்மைப் பெயரும் முகவரியும் தளத்தாரிடம்தான் இருக்கின்றன. எனக்குத் தர மறுக்கிறார்கள். உள்நாட்டு வாணிப அமைச்சில் போலிப் பொருள் விற்றதாகப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நண்பர்கள் இருவரும் தங்கள் பங்கைக் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது. ஆலைக்கு அசல் ஐசி வாங்கி என் செலவில் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் செலவு இந்த 1,480 ரிங்கிட்டில் சேரவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன்; இப்போது பொறுமை இல்லை. மாதிரி நன்றாக இருந்தது என்று மொத்தச் சரக்கை நம்பாதீர்கள். ஒவ்வொரு குழாயிலும் இரண்டையாவது எடுத்து ஏழாவது காலில் மின்னழுத்தத்தை ஏற்றிப் பாருங்கள்; 3844 என்றால் 16 வோல்ட்டுக்கு முன்னால் எட்டாவது காலில் 5 வோல்ட் வரவே கூடாது. ஐந்து நிமிட வேலை. அசிட்டோன் பஞ்சும் கையோடு இருக்கட்டும். சோதித்து முடிக்கும்வரை "பொருள் கிடைத்தது" என்ற பொத்தானைத் தொடாதீர்கள். பெட்டி திறப்பதைப் படம் எடுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் எலிமென்ட்14, மௌசர், டிஜிகீ போன்ற அங்கீகாரம் பெற்ற விநியோகிப்பாளர்களிடம் வாங்குங்கள், அல்லது ஒரு நாள் கெட்டாலும் ஜாலான் பசாரில் நேரில் நின்று சோதித்து வாங்குங்கள்.

இதே போலப் பேசி, இதே சரக்கை உங்களுக்கும் யாராவது தள்ளியிருந்தால் பற்றுச்சீட்டையும் ஐசியின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். அமைச்சில் நான் கொடுத்த புகாருடன் சேர்த்துக்கொள்கிறேன். பெரிய தொகையாக இருக்க வேண்டும் என்பதில்லை, 20 ரிங்கிட் போயிருந்தாலும் அனுப்புங்கள்.