‘ஆன் ஓபன் புக்’, ‘ஹார்ட் ஆன் ஸ்லீவ்’: எதை எங்கே சொல்வது?

ஒளிவுமறைவு இல்லாதவரைச் சொல்ல இந்த இரண்டு ஆங்கிலத் தொடர்களுமே உதவும். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று எப்போதும் பொருந்தாது.

‘ஷி இஸ் ஆன் ஓபன் புக்’ என்றால் அவரிடம் ரகசியம் இல்லை. எண்ணம், கடந்தகாலம் எல்லாமே வெளிப்படை. இங்கே ‘ஆன்’ (an) விடுபடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. தமிழில் ‘திறந்த புத்தகம்’ என்பதற்கு முன்னால் எதுவும் வேண்டாம் என்பதால் கை தானாக அதை விட்டுவிடுகிறது. இதை ‘வெள்ளந்தி’ என்று மொழிபெயர்த்தால் தவறு. அதில் சூதுவாது அறியாதவர் என்ற பொருள் சேர்ந்துவிடும்.

‘வேர் யுவர் ஹார்ட் ஆன் யுவர் ஸ்லீவ்’ (சொல்லுக்குச் சொல், இதயத்தைச் சட்டைக்கையில் அணிவது) உணர்ச்சிக்கு மட்டும். அழுகை, காதல், கோபம் முகத்திலேயே தெரியும். ‘யுவர்’ ஆளுக்கேற்ப ‘மை’, ‘ஹெர்’ என்று மாற வேண்டும், ‘வேர்’ இறந்தகாலத்தில் ‘வோர்’. 1622இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் வஞ்சகன் இயாகோ, தான் அப்படிக் காட்டிக்கொள்ள மாட்டேன் என்ற பொருளில்தான் இதைச் சொல்கிறான்.

நேர்காணலில் ‘ஓபன் புக்’ தாராளமாகச் சொல்லலாம். ‘ஸ்லீவ்’ வேண்டாம், உணர்ச்சிவசப்படுபவர் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.