பெரிய வெள்ளைக் கொக்கைப் பார்க்க நிக்கான் மோனார்க் எம்7 8×42 எப்படி?

பைனாகுலரின் தரத்தைச் சோதிக்க வெள்ளைப் பறவையைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. நிழல் படிந்த புதருக்கு முன்னால் வெயிலில் நிற்கும் பெரிய வெள்ளைக் கொக்கைப் பாருங்கள். லென்ஸில் குறை இருந்தால், முதுகின் விளிம்பில் ஊதாவாகவோ பச்சையாகவோ ஒரு கோடு ஓடும். இந்தக் கொக்கைப் பொறுத்தவரை அது வெறும் அழகுக் குறை இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் கண்ணுக்கும் அலகுக்கும் இடையிலுள்ள வெறுந்தோல் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறுகிறது. அந்தச் சின்னத் துண்டின் நிறம்தான் பறவை கூடு கட்டும் பருவத்துக்கு வந்துவிட்டதா என்று சொல்கிறது. லென்ஸே பச்சையைக் கசியவிட்டால் குறிப்பேட்டில் தப்பான தகவல் ஏறிவிடும்.

எம்7 8×42 (8 மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன்லென்ஸ்) இதில் தேறிவிடுகிறது. இதில் இருப்பது ஈடி கண்ணாடி, அதாவது நிறக்கசிவைக் குறைக்கும் சிறப்பு லென்ஸ் கண்ணாடி. பறவை பார்வைப் புலத்தின் நடுவில் இருக்கும்வரை விளிம்பு சுத்தமாக இருக்கும். ஓரத்துக்குத் தள்ளினால் லேசாக நிறம் தெரியும், கூர்மையும் கொஞ்சம் தளரும். 8.3 பாகை அகலம் தரும் கருவியில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். நடுவிலேயே நிறம் கசிந்தால், கருவியைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு குழாய்களுக்கு இடையிலான தூரத்தைச் சரிபாருங்கள். கண்மணி மையம் விலகி நின்றாலும் இதே ஊதாக் கோடு வரும்.

புதிதாக வாங்குகிறவர்கள் பலரும் 10×42 கேட்கிறார்கள். கொக்குக்கு 8தான் சரி. முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42-இல் அது 5.25 மி.மீ., 10×42-இல் 4.2 மி.மீ. பரப்பளவில் ஒன்றரை மடங்குக்கும் மேல் வித்தியாசம். கொக்குகள் கூட்டமாக அடையும் மரத்துக்குத் திரும்புவது அந்தி மங்கும் நேரத்தில். கண்மணி விரியும் அந்த வேளையில்தான் இந்தக் கூடுதல் வெளிச்சம் கைகொடுக்கும். உச்சி வெயிலில் சேற்றுப் பரப்பின் மேல் கானல் ஆடும்போதோ, 10 அந்த ஆட்டத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். படம் குழம்புவதைப் பார்த்து லென்ஸ் சரியில்லை என்று நினைப்பார்கள், காரணம் காற்று.

ஃபோகஸ் செய்யும்போது பலர் செய்யும் தவறு, வெள்ளைச் சிறகின் மேல் ஃபோகஸைத் தேடுவது. அதில் பிடிமானத்துக்கு வரியோ புள்ளியோ கிடையாது. சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருப்போம். அலகின் விளிம்பையோ கறுத்த காலையோ பிடியுங்கள், உடனே நிற்கும். இரு கண்ணுக்கும் ஒத்துப்போகச் செய்வதையும் முதலிலேயே முடித்துவிட வேண்டும். வலப்பக்க முன்லென்ஸைக் கையால் மறைத்து, இடக்கண்ணால் மரப்பட்டை போன்ற சொரசொரப்பான பொருளை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மறைத்து, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழாயின் வளையத்தை மட்டும் திருப்புங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்குமிழை (கண் வைக்கும் ரப்பர் விளிம்பை) முழுக்க இறக்கிவிடலாம். கண்ணைக் கண்லென்ஸிலிருந்து 17.1 மி.மீ. தள்ளி வைத்துப் பார்க்க முடிவதால் (இதுதான் கண்விலகல்) பெரும்பாலோருக்கு முழு வட்டமும் தெரியும்.

இனி, கொக்கில் எதைப் பார்ப்பது? பெரிய வெள்ளைக் கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பதில்தான் இந்தக் கருவியின் உண்மையான வேலை இருக்கிறது. உயரத்தை நம்ப வேண்டாம். தனியாக நிற்கும் பறவையில் அது ஏமாற்றும், அதுவும் கழுத்தை உள்ளிழுத்து நின்றால் கேட்கவே வேண்டாம். வாய்ப்பிளவின் கோட்டை, அதாவது மேல் அலகும் கீழ் அலகும் சேரும் கோட்டை, பாருங்கள். பெரிய வெள்ளைக் கொக்கில் அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரக் கொக்கில் கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிடும். 60 மீட்டரில் நிற்கும் பறவை 8 மடங்கில் ஏழரை மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். அது பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுமையாக இருந்தால் கோடு பிடிபடும். 150 மீட்டருக்கு அப்பால் ஊகிக்க வேண்டாம், ‘வெள்ளைக் கொக்கு, இனம் தெரியவில்லை’ என்று எழுதிவிடுவதே நேர்மை. சின்னக் கொக்குக்கு இவ்வளவு பாடு இல்லை: கறுத்த அலகு, மஞ்சள் பாதம். ஆனால் அலகு நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிய வெள்ளைக் கொக்கின் மஞ்சள் அலகும் இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். அமெரிக்கக் கண்டங்களில் அது மஞ்சளாகவே இருக்கும்.

இரை பிடிப்பதைப் பார்க்க இதைவிட வசதியான கருவி குறைவு. பறவை அசையாமல் நின்று, கழுத்தை மெல்ல முன்னே நீட்டி, தலையைச் சாய்த்துத் தண்ணீரை உற்றுப் பார்க்கும். அப்போது பறவையை நடுவில் வைக்காதீர்கள். தலை மேல் ஓரத்தில் இருக்கும்படி கருவியைக் கொஞ்சம் இறக்கினால் அலகு பாயும் இடம் நடுவில், கூர்மையான பகுதியில் விழும். கழுத்தின் 6-ஆவது எலும்பு நீண்டிருப்பதால் வரும் அந்த மடிப்பு நிமிரும் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது, முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும். 50 மீட்டர் தூரத்தில் இந்தக் கருவி ஏழு மீட்டருக்கு மேல் அகலம் காட்டுகிறது. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இறக்கை விரிப்புள்ள பறவை கிளம்பினாலும் பார்வைப் புலத்துக்குள் தங்கும்.

முதுகிலிருந்து வாலைத் தாண்டித் தொங்கும் இனப்பெருக்கக் காலத் தோகையிழைகளை 40 மீட்டரில் இழை இழையாகப் பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொப்பி அலங்காரத்துக்காக இந்தப் பறவைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று குவித்தது இந்த இழைகளுக்காகத்தான். இன்றும் அவற்றை நெருங்கிப் பார்க்கும் ஆசையில் கூடுகள் இருக்கும் மரத்தடிக்குப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும், காக்கைக்கும் வழி திறந்துவிடும்.

எடை 670 கிராம். கழுத்துப்பட்டையில் இரண்டு மணி நேரம் தொங்கினால் பின்கழுத்து வலிக்கும், தோள்பட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மழை பிரச்சினை இல்லை: 1 மீட்டர் ஆழத்தில் 10 நிமிடம் வரை தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருப்பதால் உட்புறம் பனிக்காது, ஆனால் குளிர்ந்த அறையிலிருந்து வெளியே எடுத்ததும் வெளிக்கண்ணாடி பனிக்கத்தான் செய்யும். துடைக்காமல் சற்று நேரம் விடுங்கள். கழிமுகத்தில் பார்த்துவிட்டு வந்தால் உப்புத் தூசியை முதலில் ஊதுபந்தால் ஊதி எடுத்து, பிறகுதான் துணி. நேரே துணியைப் போட்டால் லென்ஸின் மேற்பூச்சில் கீறல் விழும்.

கூடுகளைத் தூரத்திலிருந்து எண்ணுவதோ, கால் வளையத்தின் எழுத்தைப் படிப்பதோ முக்கிய வேலை என்றால் இதை வாங்க வேண்டாம். முக்காலியில் நிற்கும் 20–60 மடங்குத் தொலைநோக்கிக்குப் பணத்தைச் சேமியுங்கள்.