எல்லை தாண்டிப் பழைய செயின்சா வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

எங்களுக்கு விற்ற மரம் அறுக்கும் மெஷினில் செயின் பிரேக் இல்லை. பிரேக் கைப்பிடி இருந்தது. அதை முன்னால் தள்ளினால் டக் என்று சத்தமும் வந்தது. ஓடும் செயினைப் பிடித்து நிறுத்துகிற இரும்புப் பட்டையை மட்டும் உள்ளேயிருந்து கழற்றி எடுத்திருந்தார்கள். 22,000 ரூபாய் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். தெரிந்தே பிரேக் இல்லாத மெஷினைக் கையில் கொடுத்து அனுப்பினார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனை, குலசேகரம், கடையாலுமூடு பக்கம் மரவேலை செய்கிறவர்களுக்கு நிலைமை தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து ரப்பரும் மற்ற மரங்களும் சாய்ந்து கிடந்தபோது, ஊர் ஊராகச் செயின்சா வாங்கினார்கள். அதில் பாதிப்பேர் பிறகு இந்தத் தொழிலை விட்டுவிட்டார்கள். அந்த மெஷின்களும், அந்தப் பக்கம் கேரளாவில் தோட்ட வேலைக்கு ஓடித் தேய்ந்தவையும் சேர்ந்து எல்லையின் இரண்டு பக்கமும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. நல்ல மெஷினும் கிடைக்கிறது, நேர்மையாக விற்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் வெளியே பெயிண்ட் அடித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டினால் எது எப்படிப்பட்டது என்று கண்ணுக்குத் தெரியாது.

எங்களிடம் இருந்தது 45 சிசி மெஷின், 18 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளமான இரும்புத் தகடு). ரப்பருக்கு அது தாராளம். இருபத்தைந்து, முப்பது வருடம் பால் வெட்டி முடிந்த மரம் அப்படியொன்றும் பருமனாக இருக்காது, தடியும் மென்மை. ஆனால் வீட்டுப் பறம்புகளில் (தோட்டங்களில்) அயனி, பலா, புளி என்று கூப்பிடும்போது சின்ன மெஷின் திணறும். ரப்பர் வேலையிலும் அவசரம் உண்டு. வெட்டிப் போட்ட ரப்பர் தடி சீக்கிரமே நீலம் பாயும், வண்டு துளைக்கும். பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிக்கு லோடு அனுப்புகிற வியாபாரி இன்று வெட்டினால் நாளைக்கு வண்டி என்பார். அதனால் ஒரு 70 சிசி மெஷின் வேண்டும் என்று நானும் மச்சானும் முடிவு செய்தோம். கையில் இருந்தது 25,000. அந்தக் காசுக்குப் புதிய 70 சிசி கம்பெனி மெஷின் வராது. அப்போதுதான் கேரளாவில் பாறசாலைக்கு அப்புறம் ஒரு கடையில் ஸ்டில் கம்பெனியின் 72 சிசி மெஷின், 25 இஞ்ச் பாரோடு கிடக்கிறது என்று தகவல் வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மெஷின் சூடாக இருந்தது. "இப்ப வேற ஒரு பார்ட்டிக்கு ஓட்டிக் காட்டினேன்" என்றார் கடைக்காரர். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. முறுக்கினால் நல்ல சத்தம். கையளவு ரப்பர் கொம்பு ஒன்றை வெட்டிக் காட்டினார், வெண்ணெய் மாதிரி இறங்கியது. மச்சான் பிரேக்கைக் கேட்டான். மெஷின் ஐடிலில், அதாவது முறுக்காமல் மெதுவாக, ஓடும்போதே கைப்பிடியை முன்னால் தள்ளி, "கண்டோ, செயின் நின்னு" என்றார். ஐடிலில் செயின் எப்படியும் ஓடாது என்பது அந்த நேரத்துப் பேச்சு வேகத்தில் மறைந்துபோனது. சைலன்சரைக் கழற்றிப் பிஸ்டனைப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். "ஒண்ணும் நோக்கண்டா அண்ணா, சூடாயிட்டு இரிக்குவா, கை பொள்ளும்" என்றார். ஒன்றும் பார்க்க வேண்டாம், சூடாக இருக்கிறது, கை சுடும் என்று அர்த்தம். திறந்து பார்க்க விடாமல் இருக்கத்தான் சூடாக வைத்திருந்தார் என்பது பிறகுதான் விளங்கியது.

வந்த வாரமே ஒரு பலா மரம். பாதி இறங்கும்போதே மெஷின் இழுவையை விட்டது. சத்தம் இருக்கிறது, வேகம் இல்லை. வெட்டும் நேராகப் போகாமல் ஒரு பக்கமாக வளைந்தது. சற்று ஆறவிட்டுத் திரும்பப் பிடித்தால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு அதே கதை. கடைசியில் கிளை கழிக்கும்போது பாரின் நுனி மேல்பக்கம் பக்கத்துக் கிளையில் பட்டுவிட்டது. நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டால் செயினின் வேகம் முழுவதும் பாரைத் தூக்கி, பிடித்திருப்பவர் முகத்துக்கு நேராக எறியும். அதைத் தடுக்கத்தான் செயின் பிரேக்கே இருக்கிறது. மெஷின் துள்ளும்போது இடது மணிக்கட்டு கைப்பிடியில் பட்டு பிரேக் விழ வேண்டும், கண் இமைக்கும் நேரத்தில் செயின் நிற்க வேண்டும். அன்று மெஷினைப் பிடித்திருந்தது என் சித்தப்பா மகன். கைப்பிடி விழுந்தது, டக் என்று சத்தம் கேட்டது, செயின் ஓடிக்கொண்டே அவன் தோளைத் தாண்டிப் போனது. பாருக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நிற்பது அவனுக்குப் பழக்கம். அதனால் அவன் இன்றைக்கு நன்றாக இருக்கிறான்.

அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து பக்கக் கவரின் இரண்டு நட்டையும் கழற்றினோம். செயினைச் சுழற்றுகிற கிளட்ச் டிரம்மைச் சுற்றி ஒரு விரல் அகலத்தில் இரும்புப் பட்டை ஓட வேண்டும். அது இருக்க வேண்டிய பள்ளத்தில் மரத்தூளும் எண்ணெயும் கெட்டியாக அப்பிக் கிடந்தது. பட்டை அறுந்ததால் எடுத்தார்களோ, ஸ்பேர் விலைக்குப் பயந்து எடுத்தார்களோ தெரியாது. ஆனால் அந்த அப்பல் ஒரு நாளில் சேர்ந்தது இல்லை. கைப்பிடியின் ஸ்பிரிங்கை மட்டும் சத்தம் வரும்படி விட்டு வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் மார்த்தாண்டத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்ததும் அவர் முகம் மாறியது. பிஸ்டனின் சைலன்சர் பக்கம் முழுக்க மேலிருந்து கீழாகக் கீறல். அந்தக் கீறலின் மேல் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்த குறுக்குக் கோடுகள். பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிப் பிடித்த மெஷினைத் திறந்து, தேய்த்து, புது ரிங் போட்டு மூடியிருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை அளக்கிற கருவி) வைத்தால் 95 பிஎஸ்ஐ. நல்ல நிலையில் உள்ள இந்த அளவு மெஷின் சுமார் 150 காட்ட வேண்டும். 120க்குக் கீழே வந்தாலே கனமான தடியில் சக்தி இருக்காது. பிளக் துவாரம் வழியாகக் கொஞ்சம் ஆயில் ஊற்றி விட்டால் கம்ப்ரஷன் தற்காலிகமாக ஏறும், முதல் சில இழுப்பில் நன்றாகவே தெரியும் என்றார் அவர். கடையில் ஸ்டார்ட் செய்தபோது அளவுக்கு மீறி வெள்ளைப் புகை வந்தது நினைவிருக்கிறது. வெட்டு வளைந்ததற்குக் காரணம் வேறு. பாரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர், மாட்டியிருந்த செயின் 1.5. பள்ளத்துக்குள் செயின் ஆடினால் வெட்டு நேராகப் போகாது.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். பழைய மெஷின்தானே, போர் போட்டுக்கொள்ளலாம் என்று. டிவிஎஸ் 50க்குச் சிலிண்டரைக் குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்ட பழக்கம் நமக்கு. செயின்சாவின் சிலிண்டர் அலுமினியம், அதன் உள்சுவரில் மெல்லிய நிக்கல் பூச்சு. குடைந்தால் பூச்சு போய்விடும். பிஸ்டன் உருகி ஒட்டிய அலுமினியம் மட்டும் இருந்தால் ஆசிட் போட்டுச் சுத்தம் செய்து தப்பிக்கலாம். பூச்சே உரிந்திருந்தால் சிலிண்டரும் பிஸ்டனும் மாற்ற வேண்டியதுதான். எங்கள் மெஷினில் உரிந்திருந்தது. அதுவும் கம்பெனி சிலிண்டர் இல்லை, ஏற்கெனவே யாரோ மாற்றிப் போட்ட நகல். கிரேங்க் கேஸில் சீரியல் நம்பர் அடித்திருக்க வேண்டிய இடத்தைக் கிரைண்டரால் தேய்த்து அதன் மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெரிய ஸ்டில் மெஷின்களுக்கு அச்சு அசலாகச் சீன நகல்கள் வருகின்றன. நகலை நகல் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை, விலை பேசிக்கொள்ளலாம்.

கடைக்காரருக்குப் போன் செய்தோம். "நிங்ஙள் ஆயில் மிக்ஸ் தெற்றிச்சு" என்றார், அதாவது ஆயில் கலவையை நாங்கள் தப்பாகப் போட்டோமாம், அவ்வளவுதான். பெட்ரோலில் ஆயில் குறைந்தாலும் பிஸ்டன் கீறும் என்பது உண்மை. கம்பெனி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 40 மில்லி. எங்கள் சின்ன மெஷின் அதே கலவையில்தான் இவ்வளவு காலமாக ஓடுகிறது. அது போகட்டும், நாங்கள் கீறியிருந்தால் கீறலின் மேல் எமரி கோடு எப்படி வரும்? அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. போகிறோம் என்று முதல் நாளே சொல்லி, மெஷினை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு ஆறும்வரை உட்காருங்கள். ஸ்டில் மெஷினின் பெரும்பாலான ஸ்க்ரூக்களுக்கு டி27 என்ற நட்சத்திர வாய் ஸ்பேனர் போதும், அதைக் கையோடு கொண்டுபோங்கள். கழற்றப் போனால் ஒன்று நட்சத்திரம், ஒன்று ஆலன், ஒன்று பிளஸ் ஸ்க்ரூ என்று கலந்து இருக்கிறதா, அதை யாரோ பல தடவை திறந்திருக்கிறார்கள். சைலன்சரை எடுத்ததும் பிஸ்டன் பக்கவாட்டில் தெரியும். கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்தி, மொபைல் டார்ச்சில் முழுதும் பாருங்கள். எந்திரம் செதுக்கிய மெல்லிய கிடைக்கோடுகள் தெரிந்தால் நல்லது. செங்குத்தாகக் கீறல் இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். கழற்ற விடமாட்டேன் என்றால் அதற்கு மேல் அந்தக் கடையில் பேச ஒன்றும் இல்லை.

பிரேக்கை மெஷின் ஓடாமலே சோதிக்கலாம். கையுறை போட்டுக்கொண்டு, பிரேக்கைத் தள்ளிவிட்டுச் செயினைக் கையால் இழுங்கள். அசையக் கூடாது. பிரேக்கை விடுவித்தால் தாராளமாக நகர வேண்டும். அப்புறம் ஸ்டார்ட் செய்து, நன்றாக முறுக்கிய நிலையில் ஒரு நொடி பிரேக்கைத் தள்ளிப் பாருங்கள். உடனே நிற்க வேண்டும். ஐடிலில் காட்டுகிற பிரேக் பிரேக்கே அல்ல.

ஐடிலில் விட்டு மெஷினை இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். சத்தம் தானாக ஏறினாலோ, முறுக்கை விட்ட பிறகும் வேகம் இறங்கத் தாமதமானாலோ எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது. அப்படி இழுத்தால் பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறைந்துபோய், நல்ல பிஸ்டனும் கீறும். பாரின் நுனியை ஒரு பேப்பருக்கு நேராகப் பிடித்து முறுக்கினால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் ஆயில் பம்ப் போச்சு. கடைசியாக, நீங்கள் வெட்டப் போகிற பருமனில் ஒரு தடி கொடுக்கச் சொல்லிப் பார் முழுவதும் மூழ்கும்படி வெட்டிப் பாருங்கள். கொம்பை எந்த மெஷினும் வெட்டும்.

பழைய மெஷினுக்கு இன்னொரு செலவும் உண்டு. இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்பரேட்டரின் ரப்பர் டயாப்ரமும் பெட்ரோல் டியூபும் அதில் விறைத்துப் போகும். அதை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள், கலந்த பெட்ரோலை டேங்கில் நாள்கணக்கில் விட்டு வைக்காதீர்கள்.

25,000 கையில் இருக்கிறவர்களுக்கு என் கருத்து இதுதான். 25 இஞ்ச் பாருக்கு ஆசைப்படாதீர்கள். 20 இஞ்ச் பாரால் இரண்டு பக்கமும் மாறி மாறி வெட்டினால் கிட்டத்தட்ட 36 இஞ்ச் பருமன் வரை அறுக்கலாம், நம் பறம்புகளில் அதற்கு மேல் பருத்த மரம் எத்தனை? கை மாறாத, ஒரே ஆள் வைத்திருந்த 50 முதல் 60 சிசி மெஷின் கிடைத்தால் அதுவே போதும். தெரிந்தவர் வீட்டில் இருந்து வாங்கினால் இன்னும் நல்லது. முழுக் காசையும் மெஷினில் போடாமல் ஒரு நல்ல செயின், அதன் அளவுக்கு ஏற்ற உருண்டை அரம், ஹெல்மெட் மூன்றுக்கும் ஒதுக்கி வையுங்கள். செயின் கண்ணிகளின் இடைவெளி (பிட்ச்) 0.325 இஞ்ச் என்றால் 4.8 மில்லிமீட்டர் அரம், 3/8 இஞ்ச் என்றால் 5.2. கூர்மையான செயின் போட்ட 50 சிசி, மழுங்கிய செயின் போட்ட 70 சிசியை விட வேகமாக அறுக்கும். ஆன்லைனில் 58 சிசி என்று மலிவாக வருகிற மெஷின்களும் உண்டு. தினசரி வேலைக்கு அவற்றை நான் சொல்லமாட்டேன், வருடத்தில் சில நாள் சொந்தப் பறம்பில் விறகு வெட்டப் போதும்.

வேறு மாநிலத்துக் கடை, இனி என்ன செய்ய முடியும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குக் கொடுக்கலாம். நமக்கு நாகர்கோவில். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தொழிலுக்கு வாங்கியது என்று அவர்கள் வாதாடலாம். ஆனால் சொந்தமாக உழைத்துப் பிழைக்க வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் கூப்பிட்டுப் புகாரைப் பதியலாம். எங்களுக்கு ஜிஎஸ்டி பில் தரவில்லை, ஒரு துண்டுச் சீட்டில் 'ஸ்டில் 72 சிசி, ஓகே கண்டிஷன்' என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு, காசு அனுப்பிய ஜிபே ரசீது, பிஸ்டனின் படங்கள், மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறோம். பிரேக் பட்டை இல்லாத அந்த இடத்தைத் தனியாக வீடியோவும் எடுத்திருக்கிறோம். புகார் கொடுத்தாகிவிட்டது, கடைக்காரருக்கு வக்கீல் நோட்டீஸும் போயிருக்கிறது. மெஷினை அப்படியே, துடைக்காமல், சாட்சிக்காக வைத்திருக்கிறோம். ஸ்பேருக்காகவாவது கொடுங்கள் என்று இரண்டொருவர் கேட்டார்கள். வழக்கு முடியும்வரை கொடுப்பதாக இல்லை.